தசைக்குள் கொழுப்பு: விளைவா, காரணமா?



இன்றைக்கு நாம் பேசப்போவது தசைச் சிதைவு நோயைப் பற்றி. மஸ்குலர் டிஸ்ட்ரஃபி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பெயர்தான் ஒன்று, உள்ளே பல நோய்கள் இருக்கின்றன. மரபணுவில் ஒரு கோளாறு, அதனால் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. பெரும்பாலானவற்றில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இந்தக் கடைசி விஷயம், அதாவது தசை போய்க் கொழுப்பு வருவது, இந்த நோய் பற்றி எதைப் படித்தாலும் கண்ணில் படும். நானும் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கும்போது தசையைத்தான் கவனிப்போம், கொழுப்பைக் கவனிக்க மாட்டோம். சுவர் இடிந்த இடத்தில் அரசங்கன்று முளைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவோம். ஆனால் சில வீடுகளில் அரசங்கன்று முளைத்துத்தான் சுவரே இடியும், இல்லையா? எது முதலில், எது பிறகு என்பதை இடிந்து முடிந்த பிறகு பார்த்தால் சொல்ல முடியாது.

தசைச் சிதைவில் இந்தக் கேள்விக்கு ஒரு வகை நோயிலாவது விடை கிடைக்க ஏறத்தாழ 150 வருஷம் ஆனது. விடை சொன்னது ஒரு எலி. அந்த 150 வருஷத்தைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

லண்டனும் பாரிஸும்

1851 டிசம்பர். லண்டனில் ஒரு மருத்துவச் சங்கக் கூட்டத்தில் எட்வர்ட் மெரியன் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வாசிக்கிறார். அது அடுத்த வருஷம் அச்சில் வந்தது. நடந்துகொண்டிருந்த சிறுவர்கள் நடக்க முடியாமல் போவதைப் பற்றிய கட்டுரை. ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பிகளுக்கு வருகிறது, அக்கா தங்கைகளுக்கு வருவதில்லை என்று அவர் கவனித்திருந்தார்.

அந்தக் காலத்தில் கை கால் விழுந்தால் நரம்பிலோ முதுகுத்தண்டிலோதான் கோளாறு என்று நினைப்பார்கள். இறந்துபோன ஒரு சிறுவனின் உடலை மெரியன் பரிசோதித்தார். முதுகுத்தண்டு நன்றாக இருந்தது, நரம்புகளும் நன்றாக இருந்தன. தசையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நார்கள் உடைந்து கிடந்தன. நாரைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை கிழிந்திருந்தது. உள்ளே துகள்களும் எண்ணெய்த் துளிகளும். இது நரம்பு நோய் இல்லை, தசையின் நோய் என்று சொன்னார். அன்றைக்கு அது பெரிய வார்த்தை.

எண்ணெய்த் துளிகள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்க. பிறகு அதற்கு வருவோம்.

பத்து வருஷம் கழித்து, 1861ல், பாரிஸில் கியோம் துஷேன் இதே நோயை விவரிக்கிறார். மின்சாரம் கொடுத்துத் தசைகளைத் தூண்டி ஆராய்ச்சி செய்தவர் அவர். முதலில் இது மூளையிலிருந்து வரும் நோய் என்றுதான் நினைத்தார். 1868ல் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றக் காரணம் ஒரு கருவி. உயிரோடு இருக்கும் நோயாளியின் தசையிலிருந்து, அறுவை இல்லாமலே ஒரு சின்னத் துணுக்கை எடுக்கும் ஊசி. அவரே வடிவமைத்தது. இன்றைய பயாப்ஸி ஊசிக்கு அதுதான் முன்னோடி.

இந்தச் சிறுவர்களிடம் ஒரு வினோதம் உண்டு. கால் பலமிழந்துகொண்டே போகும், ஆனால் ஆடுசதை பார்க்கப் பயில்வான் மாதிரி பருத்திருக்கும். துஷேனின் ஊசி அங்கிருந்து எடுத்து வந்தது பெரும்பாலும் நாரும் கொழுப்பும். பருமன் தசையால் வந்ததில்லை. அதனால்தான் போலிப் பருமனோடு வரும் தசைவாதம் என்ற பொருளில் நோய்க்குப் பெயர் வைத்தார். பிற்பாடு நோய் அவர் பெயராலேயே அறியப்பட்டது. தமிழில் நாம் டியூஷேன் என்று உச்சரிக்கிறோம்.

ஆக, நோயை முதன்முதலில் கண்ணால் பார்த்த இரண்டு பேருமே கொழுப்பைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதைச் சிதைவின் மிச்சமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நோய் முற்றிய தசைதானே கையில் இருந்தது?

எலி வந்த கதை

எது முதலில் என்று தெரிய வேண்டுமானால் நோயை முதல் நாளிலிருந்து பார்க்க வேண்டும். குழந்தைகளிடம் அதைச் செய்ய முடியாது. அங்கேதான் எலி தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்று ஒரு கடலோர ஊர். ஜாக்சன் ஆய்வகம் அங்கே 1929ல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக ஒரே வம்சத்துக்குள் கலந்து வளர்த்த சுண்டெலிகள்தான் அதன் சொத்து. 1947ல் அந்த ஊரைக் காட்டுத் தீ தாக்கியது. ஆய்வகத்தின் பெரும்பகுதி எரிந்தது. ஏறத்தாழ 90,000 எலிகள் செத்தன. அந்த ஆய்வகத்திடம் முன்பு எலி வாங்கியிருந்த விஞ்ஞானிகள், தங்களிடம் இருந்த அதே வம்சத்து எலிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படித்தான் ஆய்வகம் மறுபடி எழுந்தது.

தீ நடந்து நான்கு வருஷம் கழித்து, 1951ல், 129 என்ற வம்சத்து எலிகளில் சில பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்வதைக் கவனித்தார்கள். ஆன் மைக்கேல்சன், எலிசபெத் ரஸ்ஸல், பிங்க்னி ஹார்மன் மூவரும் 1955ல் அதைப் பற்றி எழுதினார்கள். தசையிலேயே தொடங்கும் பரம்பரை நோய் எலியிலும் உண்டு என்று காட்டிய கட்டுரை அது. மனித நோயின் ரகசியம் இந்த எலியில் கிடைத்துவிடும் என்று நிறைய பேர் நம்பினார்கள். கிடைக்கவில்லை. டியூஷேன் நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இந்த எலியின் கோளாறு வேறு இடத்தில். தசை நாரை வெளியிலிருந்து தாங்கிப்பிடிக்கும் லாமினின் என்ற புரதம்தான் அதில் கெட்டிருக்கிறது என்பது 1994ல்தான் தெரிந்தது.

நடுவில், 1984ல், ஸ்காட்லாந்திலிருந்து வேறொரு எலி வந்தது. கிரஹாம் புல்ஃபீல்ட் குழுவினர் எலிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, தசை உடைந்தால் வெளியே கசியும் நொதிகள் சில எலிகளில் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். கோளாறு எக்ஸ் குரோமோசோமிலேயே இருந்தது. எம்டிஎக்ஸ் எலி என்று பெயர். 1987ல் லூயிஸ் குங்கெல் குழு டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை அடையாளம் கண்டது. டியூஷேன் நோயுள்ள பிள்ளைகளிடமும் எம்டிஎக்ஸ் எலியிடமும் இல்லாதது அதுதான்.

அதோடு கதை தெளிவானது மாதிரி இருந்தது. தசை சுருங்கி விரியும்போது அதன் உறை கிழியாமல் தாங்கும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இல்லாவிட்டால் உறை கிழிகிறது, தசை சாகிறது, காலி இடத்தில் கொழுப்பு வருகிறது. மெரியன் பார்த்த கிழிந்த உறைக்குக் காரணம் கிடைத்தாயிற்று. எண்ணெய்த் துளிகளை மறுபடி எல்லோரும் மறந்தாயிற்று.

முட்டையும் பித்தமும்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வேறொரு பக்கம் போக வேண்டியிருக்கிறது. தசை நோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆட்கள் இவர்கள். கொழுப்பு வேதியியல்காரர்கள்.

1840களில் பாரிஸில் தியோடர் கோப்லி என்ற மருந்தாளுநர் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து 1850ல் லெசித்தின் என்று பெயரிட்டார். இன்றைக்கு சாக்லேட் உறையில் எழுதியிருப்பதைப் பார்க்கிறோமே, அதே பெயர்தான். ஜெர்மானியரான அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் பித்தத்திலிருந்து வேறொரு பொருளைப் பிரித்து, 1862ல் கோலின் என்று பெயர் வைத்தார். இந்தக் கோலின்தான் லெசித்தினின் தலைப்பகுதி. லெசித்தினின் முக்கியமான அங்கத்தை இன்று பாஸ்பாடிடைல்கோலின் என்கிறோம். பெயர் நீளம், வேலை எளிமை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடுகளில் ஏறத்தாழ பாதி இதுதான்.

செல் இதை எப்படிச் செய்கிறது? அதன் முதல் படியை 1953ல் ஜோனதன் விட்டன்பெர்க்கும் ஆர்தர் கோன்பெர்க்கும் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். கோலினோடு ஒரு பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. இன்று அதன் பெயர் கோலின் கைனேஸ். இந்தப் பெயரை விட்டுவிடாதீங்க, இது திரும்ப வரும்.

அடுத்த படி கிடைத்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யூஜின் கென்னடியும் சாமுவேல் வெய்ஸும் அந்த வேலையில் இருந்தார்கள். பரிசோதனைக்கு ஏ.டி.பி. வேண்டும், செல்லின் எரிசக்தி மூலக்கூறு. சாதாரணத் தரத்து ஏ.டி.பி.யைப் போட்டால் வேலை நடந்தது. நல்லா சுத்தமான, படிக வடிவ ஏ.டி.பி.யைப் போட்டால் நடக்கவில்லை! சுத்தமான சரக்கு வேலை செய்யாமல் அழுக்குச் சரக்கு வேலை செய்கிறது என்றால், அந்த அழுக்கில் ஏதோ இருக்கிறது. தேடிப் பார்த்தார்கள். சைட்டிடின் ட்ரைபாஸ்பேட் என்ற வேறொரு மூலக்கூறு கலந்திருந்தது. கோலினை அடுத்த கட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது அதுதான். 1956 வாக்கில் பாதை முழுசாகத் தெரிந்தது. கென்னடி பாதை என்று உயிர்வேதியியல் பாடத்தில் இன்றும் சொல்லித்தருகிறார்கள்.

அடுத்த 50 வருஷம் இது பாடப்புத்தகத்தில் இருந்தது. தசை நோய்க்காரர்கள் பக்கம் வரவே இல்லை.

இரண்டு கதையும் சேரும் இடம்

2006. மறுபடி அதே ஜாக்சன் ஆய்வகம். ரோஜர் ஷெர், கிரெகரி காக்ஸ் குழுவினர் ஒரு புதிய எலியைப் பற்றி எழுதுகிறார்கள். தானாக வந்த மரபணு மாற்றம், தசை வேகமாகச் சிதைகிறது. ஆனால் ஒரு விசித்திரம்: முன்னங்கால்களில் பாதிப்பு குறைவு, பின்னே போகப் போக அதிகம், பின்னங்கால்கள் மோசம். தலையிலிருந்து வால் நோக்கிக் கூடும் நோய் என்பதால் அதே பொருளில் பெயர் வைத்தார்கள். சுருக்கமாக ஆர்எம்டி எலி.

கோளாறு எங்கே என்று தேடிப்போனால், ஒரு மரபணுவில் 1,600 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அந்த மரபணு செய்யும் புரதம் டிஸ்ட்ரோஃபினும் இல்லை, லாமினினும் இல்லை. கோலின் கைனேஸ்! விட்டன்பெர்க்கும் கோன்பெர்க்கும் ஈஸ்ட்டில் பார்த்தார்களே, அந்த நொதியின் எலி வடிவம்.

பாலூட்டிகளுக்கு இந்த நொதி ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை. எலியில் பீட்டா மட்டும் போயிருந்தது. இன்னொன்றும் கவனித்தார்கள். டியூஷேன் நோயில் கிழிவது போல இங்கே தசை உறை பெரிதாகக் கிழியவில்லை. உறையைத் தாங்கும் புரதங்களெல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அப்படியும் தசை சிதைந்தது. பாஸ்போலிப்பிடு செய்யும் ஒரு நொதி கெட்டாலே தசைச் சிதைவு வரும் என்று முதன்முதலில் காட்டியது இந்த எலிதான். கொழுப்பு இங்கே நோய்க்குப் பிறகு வந்து சேர்ந்த சங்கதி இல்லை. கொழுப்பைக் கையாளும் இடத்திலேயே நோய் தொடங்குகிறது.

எலிக்கு வந்தது சரி, மனிதருக்கு?

டோக்கியோவில் இச்சிசோ நிஷினோ குழுவினர் 1998லேயே நான்கு ஜப்பானிய நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். பிறவியிலேயே தசை பலவீனம், அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கல். தசையை எடுத்துப் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் எரிபொருளை எரித்துச் சக்தி எடுக்கும் உறுப்புகள், ராட்சத அளவில் ஊதிப்போய் நாரின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று அப்போது சொல்ல முடியவில்லை. ஆர்எம்டி எலியின் தசையிலும் இதே மாதிரி ஊதிய மைட்டோகாண்ட்ரியா இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, நோயாளிகளிடமும் அதே மரபணுவைத் தேடினார்கள். 2011ல் முடிவு வந்தது. வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த 15 பேரிடம் கோலின் கைனேஸ் பீட்டா மரபணு கெட்டிருந்தது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிள்ளைக்கு என்ன நோய் என்றே தெரியாமல் 10, 15 வருஷம் அலைந்த குடும்பங்களுக்கு முதல்முறையாக ஒரு காரணம் கிடைக்கிறது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் நோய் வரும், அடுத்த குழந்தைக்கு வர நாலில் ஒரு வாய்ப்பு என்று ஒரு டாக்டரால் இப்போது சொல்ல முடியும். அதற்கு வழி திறந்தது பார் ஹார்பர் எலி.

சுவரா, அடுப்பா?

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் இன்னொரு திருப்பம் இருக்கிறது.

நொதி கெட்டதும் நோய் எப்படி வருகிறது? எல்லோருக்கும் முதலில் தோன்றியது இதுதான்: சவ்வு செய்யும் சரக்கு பற்றாக்குறை, அதனால் சவ்வு பலவீனம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் வான்ஸ் குழு 2009ல் எலியின் பின்னங்கால் தசையில் பாஸ்பாடிடைல்கோலின் குறைந்திருப்பதாக எழுதியது. முன்னங்கால் ஏன் தப்பிக்கிறது என்பதற்கும் அடுத்த வருஷம் விளக்கம் கொடுத்தார்கள். அங்கே ஆல்பா நொதி அதிகம் வேலை செய்கிறது. தம்பி இல்லாத குறையை அண்ணன் ஈடுகட்டுகிறான், பின்னங்காலில் அண்ணனுக்கும் பலம் போதவில்லை.

2022ல் கனடாவின் இன்னொரு மூலையிலிருந்து, ஹாலிஃபாக்ஸ் நகரின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்திலிருந்து, மஹ்தாப் தவசோலி, கிறிஸ்டோஃபர் மெக்மாஸ்டர் குழுவின் ஆய்வு வந்தது. அவர்கள் நோயைக் கட்டம் கட்டமாக அளந்தார்கள். எந்தக் கட்டத்திலும் பாஸ்பாடிடைல்கோலின் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை என்று கண்டார்கள். அப்படியானால் பற்றாக்குறை என்ற விளக்கம் மட்டும் போதாது.

மாறியது வேறு. முதல் கட்டத்தில் தசையின் மைட்டோகாண்ட்ரியாவால் கொழுப்பு அமிலங்களை எரிக்க முடியவில்லை. எரியாத கொழுப்பு, நோய் முற்ற முற்ற ட்ரைகிளிசரைடாக மாறித் துளித் துளியாகச் சேர்ந்தது. வாசல் வரை விறகு குவிந்திருக்கிறது, அடுப்பு பற்றவில்லை. வீட்டில் பட்டினி. இதில் எது முதலில் என்ற கேள்விக்கு வரிசையே பதில் சொல்லிவிடுகிறது: முதலில் எரியாமை, பிறகு தேக்கம்.

அடுப்பு ஏன் பற்றவில்லை? கொழுப்பை எரிக்கத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடும் சில ஏற்பிகள் இருக்கின்றன. பி.பி.ஏ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாதிக்கப்பட்ட தசையில் அவை குறைந்திருந்தன. அவற்றைத் தூண்டும் மருந்துகளை, ஆய்வகத்தில் வளர்த்த அந்த எலியின் தசைச் செல்களுக்குக் கொடுத்தார்கள். செல்கள் கொழுப்பை எரிக்கத் தொடங்கின. துளிகள் சேர்வது நின்றது. கூடவே, ஆல்பா நொதியும் அதிகமானது. ஆல்பாவைத் தசையில் வலிந்து அதிகமாக்கினால் அந்தத் தசை சிதைவைத் தாங்குகிறது என்பதையும் காட்டினார்கள். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடைக் குறைக்கப் பல வருஷமாகக் கொடுத்துவரும் ஃபைப்ரேட் மருந்துகள் இந்த ஏற்பியைத் தூண்டும் வகையைச் சேர்ந்தவைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மருந்து வேலை செய்தது வளர்த்த செல்களில். நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் மருந்தாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபைப்ரேட்டே சிலருக்குத் தசையைப் பாதிக்கும். அதே மாதிரி, கோலின் மாத்திரை, லெசித்தின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் சரியாகுமா என்று யாராவது கேட்கலாம். இந்த நோயில் சாப்பாட்டில் கோலின் இல்லாதது பிரச்சினை இல்லை, வரும் கோலினை முதல் படியில் ஏற்றிவிடும் நொதிதான் இல்லை.

இன்னொன்று. டியூஷேன் வேறு, இது வேறு. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் டியூஷேன் நோய்க்குக் காரணம் டிஸ்ட்ரோஃபின் இல்லாமை. அது மாறவில்லை. இந்தக் கோலின் கைனேஸ் நோய் மிக அபூர்வம். ஆனாலும் டியூஷேனிலும் கொழுப்புக்குப் பங்கு இருக்கலாம் என்று இப்போது தேடுகிறார்கள். எம்டிஎக்ஸ் எலிக்கு டிஸ்ட்ரோஃபின் சுத்தமாக இல்லை, ஆனால் அது ஓடியாடித் திரிகிறது. அதே குறையுள்ள பையன் பன்னிரண்டு வயது வாக்கில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறான். ஏன் இந்த வித்தியாசம்? எலியின் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு இயல்பாகவே குறைவு. 2017ல் வான்கூவரில் பாஸ்கல் பெர்னாட்செஸ் குழுவினர், எம்டிஎக்ஸ் எலியின் ரத்தக் கொழுப்பு மனிதருடையது போல உயரும்படி மரபணுவையும் தீனியையும் மாற்றினார்கள். நோய் கடுமையானது, நடை பாதிக்கப்பட்டது. வித்தியாசத்துக்கு முழுக் காரணம் இதுவென்று சொல்ல முடியாது. ஆனால் கொழுப்பைச் சும்மா மிச்சம் மீதி என்று ஒதுக்கவும் முடியாது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மெரியன் 1851ல் எண்ணெய்த் துளிகளைச் சரியாகத்தான் பார்த்தார், சரியாகத்தான் எழுதினார். அவர் பார்த்த நோயில் அது பெரும்பாலும் விளைவுதான். ஆனால் அதே காட்சி வேறொரு நோயில் வேறொரு அர்த்தம் தரும் என்று தெரிய, முட்டையை ஆராய்ந்தவர்களும், அழுக்கு ஏ.டி.பி.யைச் சந்தேகப்பட்டவர்களும், எரிந்த ஆய்வகத்துக்கு எலிகளைத் திருப்பி அனுப்பியவர்களும் தேவைப்பட்டார்கள். அவர்களில் பலர் தசைச் சிதைவை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று அந்த நோயோடு பிறக்கும் ஒரு குழந்தைக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு நோய் இருக்கிறது, மருந்து தேட ஒரு திசை இருக்கிறது. மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் எங்கே தேடுவது என்பது இப்போது தெரியும்.